சாவிக்கொத்தை என் இடுப்பில் கட்டினார்கள்

கண்ணைத் திறந்தபோது என் மூக்கின்மேல் ஒரு செருப்பு இருந்தது.

நல்ல செருப்புதான். ஆம்பூர்த் தோல், கையால் தைத்தது, அதிகம் தேயாதது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது பழகிய வாசனை. ஆனால் அதை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு அழுத்தமாக, அதுவும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு முகர்ந்து பார்க்க யாருக்கும் ஆசை வராது.

வலது கையில் ஏதோ கனத்தது. உள்ளங்கைக்குள் ஒரு இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கி, அவிழாமல் இருக்க மேலே துணியையும் சுற்றியிருந்தார்கள்.

"முழிச்சிட்டாடி!" என்றாள் செருப்பைப் பிடித்திருந்த ஜைத்தூன். "பார்த்தியா, என் செருப்புக்குத்தான் எழுந்தா."

"சும்மா இரு. சாவி குடுத்தப்புறம்தான் கை ஆட்டம் நின்னுச்சு" என்றாள் சுலோச்சனா. அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து என் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் சுருட்டியதும் சுருட்டாததுமாகக் கட்டுத்துணிகள் சிதறிக் கிடந்தன. மெல்ல நினைவு வந்தது. வேலூரில் நான் நர்ஸ் படிப்புப் படித்த ஆஸ்பத்திரியில், மத்தியானத்தில் மாணவிகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காயத்துக்குக் கட்டும் துணிகளைச் சுருட்டுவோம். நானும் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து எனக்குத் தெரிந்தது செருப்புதான். நடுவில் நடந்ததை மற்றவர்கள்தான் சொல்லவேண்டும்.

எனக்குக் காக்காய் வலிப்பு உண்டு. இத்தனை வாரமாக இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும். எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுபதை நெருங்கும் கிழவியை இனி யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

இதில் ஒரு விசித்திரம். என் வலிப்பை நான் பார்த்ததே இல்லை. வீட்டார் பார்த்திருக்கிறார்கள், தெருவார் பார்த்திருக்கிறார்கள், தெருவோடு போன மோர்க்காரி கூடப் பார்த்திருக்கிறாள். எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. எழுந்து உட்காரும்போது எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையை வைத்துத்தான், சரி, வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

பரீட்சையில் எழுதியது

இந்தச் செருப்புச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் டாக்டரம்மா எங்களுக்கு வலிப்பைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். டாக்டரம்மா சென்னையில் படித்துப் பட்டம் வாங்கியவர். மெலிந்த உடம்பு, வெள்ளைப் புடவை. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், அவருக்குத் தாழும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் வார்டே நடுங்கும்.

இது மூளையிலிருந்து வருகிற நோய் என்றார். பேயும் இல்லை, சாபமும் இல்லை, முன்ஜென்மத்துப் பாவமும் இல்லை. நுரை பட்டாலும் எச்சில் பட்டாலும் இன்னொருவருக்கு ஒட்டாது. விழுந்தவரின் கை கால்களைப் போட்டு அழுத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, இடிக்கக்கூடிய சாமான்களைத் தள்ளிவையுங்கள். துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவில் வைக்கவேண்டும் என்றும் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய டாக்டர்கள் அதைச் செய்யவே கூடாது என்கிறார்கள். படிப்பும் மாறத்தான் செய்கிறது.

"இவங்களுக்கு வலிப்பு எமன் இல்ல. வலிப்பு வர்ற எடம்தான் எமன். நெருப்பு, தண்ணி, ஒசரம், இந்த மூணும் பக்கத்துல இருக்கக் கூடாது. இரும்பு குடுக்கறது, செருப்பு மோக்கறது, வெங்காயம் கசக்கறது எல்லாம் வீண் வேல" என்று முடித்தார்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பென்சிலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பது தெரிந்துவிடும் என்று ஒரு பயம்.

பாடம் முடிந்து பரீட்சையும் வைத்தார். எல்லோரும் நன்றாக எழுதினார்கள். சுலோச்சனாதான் முதல். குடியாத்தத்துப் பெண், படிப்பில் புலி. 'வலிப்பு கண்டவர் கையில் இரும்பைக் கொடுப்பது அறியாமையாகும்' என்று அவள் எழுதியிருந்ததை டாக்டரம்மா வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அதே சுலோச்சனாதான் சாமான் அறைச் சாவிக்கொத்தை ஒருத்தி இடுப்பிலிருந்து உருவி என் கையில் திணித்தவள்.

"ஏண்டி, நீதானே அப்படி எழுதின?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"எழுதினேன். இன்னா இப்போ? பரீட்சை வேற, நீ கண்ணெதிர்ல விழுந்து துடிக்கறது வேற. அந்த நேரத்துல டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வரல. எங்கம்மா சொன்னதுதான் வந்துச்சு" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி அவள்.

அரக்கோணத்து இருட்டறை

என் அப்பா அரக்கோணம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகிற வேலை. ஊருக்குப் போகிற வண்டியையெல்லாம் சரியான வழியில் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னை எந்த வழியில் அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

பெரியமனுஷியான வருஷம் எனக்கு முதல் வலிப்பு வந்தது. அம்மா ஒரு கோயில் பாக்கி வைக்கவில்லை. கோயில் முடிந்ததும் தர்கா. தர்காவில் மயிலிறகால் தடவி அனுப்பினார்கள். அது ஒன்றுதான் வலிக்காத வைத்தியம். ஒரு வைத்தியர் கம்பியைக் காய்ச்சி வலது நெற்றிப்பொட்டில் சூடு வைத்தார். அந்தத் தழும்பை மறைக்கத்தான் இன்றுவரை தலைமுடியை அந்தப் பக்கமாகத் தழைத்து வாரிக்கொள்கிறேன். கொண்டை அழகாக இருக்கிறதே என்று சில பேர் சொன்னதுண்டு.

சூட்டைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. விருந்தாளிகள் வந்தால் என்னை விறகு போட்டு வைக்கும் அறைக்குள் தள்ளித் தாழ் போட்டுவிடுவார்கள். தங்கைகள் இருந்தார்கள். அக்காவுக்கு இப்படி என்று தெரிந்தால் அவர்களை யார் கட்டிக்கொள்வார்கள்? அம்மாமேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை. ஆனால் அந்த விறகு அறையில் உட்கார்ந்து, வெளியே விருந்தாளிகள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, நான் செத்துப்போனவளா உயிரோடிருப்பவளா என்று யோசித்திருக்கிறேன். அது பொய்யில்லை.

எங்கள் தெருவில் யாராவது வாய்தவறி வலிப்பு என்று சொன்னால் போதும். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருத்தி எழுந்துவிடுவாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று இன்னொருத்தி போவாள். கொஞ்ச நேரத்தில் வாசல் காலியாகிவிடும்.

கல்யாணம் நடக்காது என்று தெரிந்ததும், ஒரு தொழிலாவது இருக்கட்டும் என்று அப்பா என்னை வேலூருக்கு அழைத்து வந்தார். சேர்க்கும்போது டாக்டரம்மா, "ஏதாச்சும் வியாதி உண்டா?" என்று கேட்டார். வலிப்பு இருப்பவர்களை அங்கே சேர்ப்பதில்லை. பச்சைக் குழந்தையைக் கையில் வாங்குகிற வேலை, கொதிக்கிற தண்ணீரில் கத்தி கத்தரி போட்டு எடுக்கிற வேலை. அப்பா கண் கொட்டாமல், "ஒண்ணும் இல்லம்மா. சொக்கத் தங்கம்" என்றார்.

வாசலில் விடைபெறும்போது என்னிடம் சொன்னார்: "மனோ, வாயைத் தொறக்காத. தொறந்தா திரும்பி அரக்கோணம்தான்."

அரக்கோணம் என்றால் எனக்கு அந்த விறகு அறை. வாயை மூடிக்கொண்டேன்.

ஒட்டாதுதான், இருந்தாலும்

நான் வாயை மூடினாலும் என் உடம்பு மூடவில்லை. கட்டுத்துணிகளுக்கு நடுவே அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் மாணவிகள் எல்லோரும் தங்கும் அறையில் கூடிப் பேசினார்கள். நான் மூலையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள், பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஜைத்தூன்தான் முதலில் பேசினாள். அவள் ஆம்பூரில் தோல் கிடங்கு மேஸ்திரி வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். வீட்டில் பாதி உருது, பாதி தமிழ். வாய் மட்டும் இரண்டிலும் முழுசு.

"வெளிய தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும் பேஜாருடி. ஆஸ்டல்ல மிர்கி, அதான் இந்த வலிப்பு, வந்த பொண்ணு இருக்குன்னு பஜார்ல பேச்சு வந்துச்சுன்னு வை, எங்க மச்சான் நாளைக்கே ஜட்கா புடிச்சிக்கினு வந்துடுவாரு. உன்ன மட்டும் சும்மா விடுவாங்களா சுலோ? உனக்குப் பேசி வெச்சிருக்கிற மாப்பிள்ள ஊட்ல இன்னா சொல்வாங்க?"

சுலோச்சனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. குடியாத்தத்திலேயே ஒரு இடம் பேசி, படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

ஆக, யாரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. என்மேல் இரக்கப்பட்டு இல்லை, அவரவர் பயத்தில். எதுவானால் என்ன, அன்றைக்கு எனக்கு அந்தப் பயம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் என் டம்ளரின் கழுத்தில் நீல நூல் கட்டியிருந்தது.

"ஒட்டாதுன்னு நீதானே எழுதின?" என்று சுலோச்சனாவைக் கேட்டேன்.

"ஒட்டாதுதான். இருந்தாலும்..." என்றாள்.

அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். படித்தவர்களிடம்தான் அதிகம். படிக்காதவர்கள் ஒட்டும் என்று நேராகவே சொல்லிவிடுவார்கள், சண்டைபோட வசதியாக இருக்கும்.

சாவிக்காரி

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் பிறந்ததும் மாணவிகள் தங்களுக்குள் ஒருத்தியைச் சாவிக்காரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாமான் அறை, துணி அலமாரி, மண்ணெண்ணெய்ப் பெட்டி எல்லாவற்றின் சாவியும் அவள் இடுப்பில். சமையல்காரருக்கு அரிசி அளந்து கொடுப்பது அவள். பந்தியில் எல்லோருக்கும் சோறு பரிமாறுவதும் அவள்தான். பொறுப்பு பழகட்டும் என்று எங்கள் மேட்ரனம்மா வைத்த ஏற்பாடு. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் முறை வரும்.

எல்லோரும் ஆசைப்படுகிற பதவி அது. காரணம், வெல்லப்பானையும் அந்த அறைக்குள்தான் இருந்தது.

அந்த மாதம் பிறந்தபோது ஜைத்தூன் எழுந்து என் பெயரைச் சொன்னாள். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் திகைத்துப் போனேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கையில குடுக்கற இரும்பு வலிப்பு வந்தப்புறம்தானே? முன்னாடியே இடுப்புல தொங்கினு இருந்தா, அது வர்றதுக்கே யோசிக்கும் இல்ல?" என்றாள். "இம்மாம் பெரிய கொத்த நாங்க வேற எங்க போயி வாங்கறது? ராத்திரிலயும் கழட்டாத."

அந்தக் கொத்து கனமான கொத்துதான். உட்கார்ந்தால் தொடையில் குத்தும், நடந்தால் மாடு வருகிற மாதிரி சத்தம் வரும். அடுத்த மாதமும் என் பெயர்தான். அதற்கடுத்த மாதமும். வெல்லத்தின்மேல் கண்ணாக இருந்தவர்கள்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கை தூக்கினார்கள்.

மாதக்கணக்கில் வலிப்பும் வரவில்லை. சில காலம் அப்படித்தான், வராமலே இருக்கும். அவர்களுக்கு அது தெரியுமா? சாவியின்மேல் நம்பிக்கை இறுகிவிட்டது. "ஜாஸ்தி இரும்பு, கம்மி வலிப்பு" என்று ஜைத்தூன் மருந்துச் சீட்டு எழுதுகிற பாவனையில் சொல்வாள்.

நான் கையால் அளந்த அரிசி, நான் கையால் பரிமாறிய சோறு, எல்லாம் அவர்களுக்கு இறங்கிற்று. நூல் கட்டிய டம்ளர் மட்டும் தனியாகவே இருந்தது. இதில் என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சோற்றிலும் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்றும் நடந்தது. கிணற்றடிக்கு என்னை யாரும் விடுவதில்லை. நான் குடத்தைத் தொட்டாலே ஒருத்தி பிடுங்கிக்கொள்வாள். வார்டில் ஸ்டவ் பற்றவைக்கிற வேலை எனக்கு வந்தால் சுலோச்சனா மாற்றிக்கொள்வாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால் ஜைத்தூன் பின்னாலேயே வந்து கைப்பிடிச்சுவர் பக்கம் நிற்பாள். கன்றுக்குட்டியைப் போல என்னை மேய்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கத்தியிருக்கிறேன். ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேட்ரனம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், எல்லாப் பெண்களும் ஒரே மனதாக ஒருத்தியையே மாதாமாதம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான். யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தப் பொண்ணு மேல எல்லாத்துக்கும் அப்படி ஒரு மரியாத. நான் இத்தன வருஷத்துல பார்த்ததில்ல" என்பார். நான் சாவி குலுங்காமல் தலைகுனிந்து நிற்பேன்.

டாக்டரம்மா பார்த்தார்

அந்த மரியாதையோடு ஒரு நாள் காலையில், வெளிநோயாளிகள் வராந்தாவில், டாக்டரம்மாவின் காலடியிலேயே விழுந்தேன். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. வலிப்பு ஒன்றும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

நடந்ததை ஜைத்தூன் பிறகு சொன்னாள். பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வந்த கூட்டம் சுவரோரமாக ஒதுங்கிவிட்டது. சுலோச்சனா பாடத்தில் இருந்தபடியே என்னை ஒருக்களித்துப் போட்டு, கழுத்தில் துணியைத் தளர்த்தினாள். ஜைத்தூன் மருந்துத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். மறுபடியும் காலிலேயே மாட்டிக்கொண்டாளாம்.

நான் தெளிந்ததும் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா இருக்கு?"

"பெரியவளானதுலேர்ந்து."

"உங்கப்பா இல்லன்னாரே?"

நான் இடுப்புச் சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"பொட்டியக் கட்டி வை. நான் சொல்ற வரைக்கும் வார்டுப் பக்கம் வராத" என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

என் தகரப்பெட்டியைக் கட்ட அதிக நேரம் ஆகவில்லை. கட்டி முடித்து அதன்மேலேயே உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வேலையின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மரியாதையின் காரணம்

எனக்காக வாதாடியவர் மேட்ரனம்மா. மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, டாக்டரம்மாவையும் அழைத்து வந்தார்.

"இந்தப் பொண்ண அனுப்பறதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. மாசாமாசம் இவளையேதான் சாவிக்காரியா எடுத்திருக்காங்க. நல்ல கொணம் இல்லாமலா? நீங்களே கேட்டுப் பாருங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா வரிசையைப் பார்த்தார். "சொல்லுங்க. ஏன் இவளையே எடுத்தீங்க?"

நேர்மையானவள், நம்பிக்கையானவள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் தப்பித்திருப்பேன். ஜைத்தூன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் சுலோச்சனா முந்திக்கொண்டாள். நான்தான் முன்பே சொன்னேனே, அவளுக்குப் பொய் வராது.

"இரும்புக்காக டாக்டரம்மா. சாவி இடுப்புல இருந்தா வலிப்பு வராதுன்னு."

மேட்ரனம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இரும்புக்கா? அடிப்பாவிங்களா! நான் மரியாதைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்போ உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்" என்றார்.

"தெரியும்."

"பரீட்சையில இரும்பு வீண்னு எழுதினது நீதானே?"

"நான்தான். இவ டம்ளர தனியா வெச்சதும் நான்தான்" என்றாள் சுலோச்சனா. அவள் கண்களில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

டாக்டரம்மா அவள் எதிரில் வந்து நின்றார். பிறகு, "இவ கிணத்துல தண்ணி எறைச்சாளா?" என்று கேட்டார்.

"விட்டதே இல்ல."

"ஸ்டவ்?"

"என் முறையில நான் பார்த்துக்குவேன், இவ முறையிலயும் நானே பார்த்துக்குவேன்."

"கொழந்தைங்க வார்டுல?"

"பக்கத்துல நான் நிப்பேன் டாக்டரம்மா" என்றாள் ஜைத்தூன். "பச்சப்புள்ளய இவ கையில தனியா குடுத்ததே இல்ல. குளிக்கப் போனாக்கூட வெளிய ஒருத்தி நிப்போம்."

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்கதான் டாக்டரம்மா" என்றாள் சுலோச்சனா. "நெருப்பு, தண்ணி, ஒசரம்னு பாடத்துல சொன்னீங்களே."

டாக்டரம்மா முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தான் சொன்னது இவர்கள் தலைக்குள் போனதா இல்லையா என்று அவராலேயே தீர்மானிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. நான் எரிச்சலோடு திட்டிய அந்தக் காவல்தான் என்னைக் கிணற்றில் விழாமல் வைத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "வலிப்பு வர்றவள நான் வார்டுல விடுவேன். மருந்து இருக்கு, இப்படிக் காவலும் இருக்கு. ஆனா மறைக்கிறவள விட மாட்டேன். உங்கப்பா வரட்டும். என் முன்னால, இவங்க முன்னால, உள்ளதச் சொல்லட்டும். சொல்லலன்னா அவரோடவே போயிடலாம்."

போகும்போது மேட்ரனம்மாவிடம், "சாவி அடுத்த மாசம் வேற ஆளுக்குப் போகட்டும். இவளுக்கு மருந்து போதும்" என்றார்.

"ரெண்டும் இருக்கட்டுமே டாக்டரம்மா" என்றாள் ஜைத்தூன்.

அப்பா வந்தார்

காட்பாடி ஸ்டேஷனில் ஒரு கார்டிடம் சொல்லி அப்பாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். வேலை உடையோடு, தோளில் துண்டோடு வந்து சேர்ந்தார். சாப்பாட்டு நேரம். பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதம் இன்னும் முடியாததால் சோற்றுப் பாத்திரம் என் கையில்தான் இருந்தது.

டாக்டரம்மா அப்பாவைக் கூடத்துக்குள்ளேயே அழைத்து வந்தார். "உங்க பொண்ணுக்கு ஏதாச்சும் வியாதி உண்டா?" சேர்க்கும்போது கேட்ட அதே வார்த்தைகள்.

அப்பா வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரோ வேண்டாதவங்க கோள் சொல்லியிருக்காங்கம்மா. என் பொண்ணு சொக்கத் தங்கம்மா. தயவு பண்ணுங்க, அனுப்பிடாதீங்க." கையெடுத்துக் கும்பிட்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்த நிமிஷத்தில் என்னை அரக்கோணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் அவர்.

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"இருக்குப்பா" என்றேன். "எனக்கு வலிப்பு இருக்கு."

வாயைத் திறக்காதே என்று சொன்ன மனிதர் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று தலையைத் திருப்பிப் பெண்களைத்தான் பார்த்தார். யார் முதலில் எழுந்திருப்பார்கள் என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அரக்கோணத்துத் தெருவில் அந்த வார்த்தைக்குப் பிறகு எப்போதும் நடந்தது அதுதானே.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு ரகசியம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்: "இதுங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா உனக்குச் சோறு போடறாங்க?"

"நாங்க எங்க போடறோம் சாச்சா?" என்றாள் ஜைத்தூன் தன் தட்டின் முன்னாலிருந்து. "எங்களுக்கே அவதான் போடறா. பசி உயிர் போவுது, சீக்கிரம் பேசி முடிங்க."

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். "பொட்டியப் பிரிச்சு வை மனோன்மணி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எந்தச் சத்தமும் இல்லாமல் அழுதார். அத்தனை வருஷமும் அவர் ஒருமுறைகூட அழுது நான் பார்த்ததில்லை.

சுலோச்சனா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். நான் ஒரு தட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துச் சோறு போட்டேன். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.